பதினோரு நிமிடத்தில் வருகிறார்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மீட்பு மையத்தில் இருந்தவர்கள் விவரம் பின்வருமாறு. ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் நான், சென்னியப்பன், மனு எழுதுபவன். எனக்கு வலப்பக்கத்து நாற்காலியில் என் மனைவி துளசிமணி, வந்துகொண்டிருப்பவர். எதிர் பெஞ்சில் மாராத்தாள் அக்கா, மடியில் காப்பி பிளாஸ்க். அவருக்கு முன்னால், தரையிலிருந்து அரை அடி உயரத்தில், அவருடைய கணவர் நாச்சிமுத்து அண்ணன், சுற்றிக்கொண்டிருப்பவர். கவுண்டருக்குப் பின்னால் கோகிலா, பணியில் இருப்பவர். கவுண்டரின் மேல் ஒரு டேப்லெட்டில் இணை இயக்குநர் அறவாழி, உறைந்திருப்பவர்.

துளசிமணியின் நாற்காலி காலியாக இருந்தது. வந்துகொண்டிருப்பவர்களின் நாற்காலி அப்படித்தான் இருக்கும்.

நான் அதைக் கைக்குட்டையால் துடைத்தேன். தினமும் துடைப்பது வழக்கம்.

செயலியின் பெயர் ‘மீள்’. பெருந்தொற்று தொடங்கியபோதே வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வளரும் நாடுகளுக்கென்றே தயாரித்தது. தொற்று ஓய்ந்த பிறகு, எந்த ஊர் எவ்வளவு மீண்டிருக்கிறது என்பதை அது சதவீதத்தில் காட்டும். மையத்தின் கட்டடத்தையும் அவர்களே கட்டிக் கொடுத்தார்கள். அதுவும் வளரும் நாடுகளுக்கான கட்டடம். அதனால் வளர்கிறது. திறப்பு விழா அன்று கவுண்டரிலிருந்து வெளிவாசலுக்கு எட்டுக் காலடி. இந்த வாரம் நானூறு. நடுவில் இரண்டு இடங்களில் குடிதண்ணீர் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீதம் மீண்டிருந்தது. மீதி என் மனைவி.

இது எப்படி நேர்ந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் செயலியிடம் குரலில் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எங்கள் பக்கத்தில் கிளம்புகிற யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. அது வாயிலேயே வராது. மருத்துவமனை வண்டியில் ஏறும்போதும் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள். வர்றனுங்க. செயலி அதை அப்படியே பதிந்துகொண்டது. ஊரில் இருநூற்றுப் பதினான்கு பேர் ‘வந்துகொண்டிருப்பவர்கள்’ பட்டியலில் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு நீலப் புள்ளி. ஆளுக்கொரு நாற்காலி.

மற்ற வீட்டார் ஒவ்வொருவராக வந்து, கவுண்டர் முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, “போயிட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புள்ளி அணையும். நாற்காலியைக் கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அப்படி முடிந்தது. நாச்சிமுத்து அண்ணன் மட்டும் அவருடைய தம்பிக்காக வாயைத் திறந்து, ‘போ’ என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து, செயலித் திரையில் சுற்றும் வட்டத்தைப் போல, நின்ற இடத்திலேயே சுற்றுகிறார். ஒன்பது மாதம் ஆகிறது. செயலி அவர் தம்பியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பரிசீலனையில் இருக்கிறதாம்.

ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம். முகம் எங்கள் பக்கம் வரும்போது அக்கா ஒரு வாய் காப்பி ஊட்டுவார். அவரும் ஒரு சொல் பேசுவார். பிறகு சுவரைப் பார்க்கப் போய்விடுவார்.

“சென்னீ,” என்றார் பத்தே காலுக்கு.

“சொல்லுங்கண்ணா,” என்றேன்.

அதற்குள் அவர் காதுதான் எனக்குத் தெரிந்தது.

துளசிமணியின் புள்ளியை நான் தினமும் பார்ப்பேன். ‘பதினோரு நிமிடத்தில் வருகிறார்’ என்று கீழே எழுதியிருக்கும். மூன்று வருடமாகப் பதினோரு நிமிடம்தான். தாராபுரம் சாலையில், நீர்த்தொட்டி வளைவில் நிற்பதாகக் காட்டும். போய்ப் பார்த்திருக்கிறேன். நான் அங்கே போனால் அவள் வேறொரு பக்கம் பதினோரு நிமிடம் தள்ளி நிற்பாள். துரத்தக் கூடாது என்று விட்டுவிட்டேன். பதினோரு நிமிடம் பெரிய தூரமில்லை. இரண்டு டம்ளர் டீ போட்டு, ஆற்றி, மூடி வைக்கச் சரியாக இருக்கும்.

“ஐயா,” என்றாள் கோகிலா. “இன்னைக்கு அஞ்சு மணியோட மையத்தையே மூடறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா ஊரு நூறாயிரும்.”

“சொல்லலைன்னா?”

“அண்ணனுக்குப் பக்கத்துல எடம் பாத்து வச்சிருக்கறனுங்க.”

நாச்சிமுத்து அண்ணனுக்குப் பக்கத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தது. என் சுற்றளவுக்குச் சரியாக இருந்தது.

“நீ சுத்தறது உன்பாடு,” என்றார் மாராத்தாள் அக்கா. “ஊரு என்னய்யா பண்ணுச்சு? உன்னொருத்தனால மூணு வருசமா ஊரே மூக்கில்லாம கெடக்குது.”

அவர் சொன்னது உண்மை. பெருந்தொற்றில் போன வாசனை ஊருக்கு இன்னும் திரும்பவில்லை. நூறு சதவீதம் மீண்ட பிறகே ஒப்படைக்கப்படும் என்று துறை எடுத்து வைத்திருக்கிறது. ஜவுளிக்கடை மாடியில் மீன் விற்கிறார்கள். ஒருவரும் கேட்பதில்லை. மல்லிகைப் பூவைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

“நேத்து பால் பொங்கி அடுப்பு அணைஞ்சுபோச்சு,” என்றார் அக்கா. “கேஸ் அது பாட்டுக்குப் போயிட்டு இருக்குது. எனக்குத் தெரியலை. பக்கத்தூட்டுக்காரி சக்கரை கேக்க வந்தா, சத்தத்த வச்சுக் கண்டுபுடிச்சா. இல்லீன்னா இந்நேரம் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பீங்க. இந்த மனுசனாச்சும் வேகமாச் சுத்துனா ஃபேனுக்காச்சும் ஆகும்.”

மனு எழுதுபவனுக்கு அடுத்தவர் பதில்தான் நன்றாக வரும்.

இணை இயக்குநர் அறவாழி வாயைத் திறந்தபடி, ஒரு கையைத் தூக்கியபடி உறைந்திருந்தார். அவர் குரல் ஒரு நாள் தாமதமாக வரும். இன்று கேட்டால் நாளை பதில். அதனால் கோகிலா கேள்விகளை நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறாள். நேற்று நான் மூன்று கேள்விகள் கேட்டிருந்தேன்.

பதினோரு மணிக்கு அவர் குரல் வந்தது. வாய் அசையவில்லை.

“ஆச்சு, ஆச்சு. இப்பதான் குடிச்சேன்.”

கோகிலா நோட்டைப் பார்த்தாள். “மொதக் கேள்விங்க. சார் டீ குடிச்சீங்களான்னு கேட்டீங்க.”

“அதுக்குத் தனிப் படிவம் இருக்கு,” என்றார் அவர்.

“இது ரெண்டாவது. நாற்காலிய வீட்டுக்குக் கொண்டு போலாமான்னு.”

பிறகு நீண்ட நேரம் இரைச்சல். மூன்றாவது கேள்வி, பதினோரு நிமிடம் ஏன் குறைய மாட்டேன் என்கிறது என்பது.

“அவங்க வரலைங்க,” என்றார் அறவாழி. “நின்னுட்டிருக்காங்க.”



“எதுக்கு நிக்கறாங்க?” என்றேன்.

கோகிலா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பதில் சனிக்கிழமை வரும். மையம் வெள்ளிக்கிழமை மூடுகிறது.

“என்ற,” என்றார் நாச்சிமுத்து அண்ணன். எங்கள் பக்கத்தில் அதற்கு ‘என்னுடைய’ என்று அர்த்தம். மணி பதினொன்றே முக்கால்.

“உங்களதுக்கு என்னங்க இப்ப?” என்று அக்கா காப்பியை ஊட்டினார். கடைவாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்தார். முகம் போகும் வரை கூடவே நான்கடி நடந்தார்.

நான் எழுந்து கவுண்டருக்குப் போனேன். “கண்ணு, அவ பேசுனது இருக்குதா? அன்னைக்குச் சொன்னது?”

“இருக்குதுங்க. ஆனா நீங்க கேக்கோணும்னா, நீங்க இருக்கறீங்கன்னு மொதல்ல காட்டோணும்.”

கைரேகைக் கருவியில் கட்டை விரலை வைத்தேன். சிவப்பு எரிந்தது. துடைத்து வைத்தேன். சிவப்பு. முப்பது வருடம் பேனா பிடித்த விரல். ரேகை அந்தந்த மனுக்களில் போய்விட்டது.

கோகிலா ஒரு படிவம் கொடுத்தாள். ஒரே கேள்வி. ‘நீங்கள் இருக்கிறீர்களா?’ கீழே மூன்று கட்டங்கள். ஆம். ஓரளவு. பிற.

நான் யோசித்து ‘ஓரளவு’ என்பதில் டிக் அடித்தேன்.

“எல்லாரும் அதைத்தானுங்க அடிக்கறாங்க,” என்று சீல் வைத்தாள்.

படிவம் உள்ளே போய்த் திரும்ப இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் கட்டடம் இன்னொரு நூறு காலடி வளர்ந்தது. மதியச் சாப்பாட்டை என் டிபன் பாக்ஸிலிருந்து மூன்று பேரும் பகிர்ந்துகொண்டோம். தக்காளிச் சோறு. அது தக்காளிச் சோறு என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் அண்ணன் வந்து “தம்பிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“சென்னீ, என்ற, தம்பிக்கும்,” என்று அக்கா விரல் விட்டு எண்ணினார். “காலைல இருந்து மூணு வார்த்தை. என்னமோ கேக்கறாரு. வழக்கமா ‘சக்கரை பத்தாது’ம்பாரு, அதுலயே பொழுது போயிரும்.”

இரண்டரை மணிக்குக் கோகிலா பதிவைக் கண்டுபிடித்தாள். ஒலிபெருக்கியை என் பக்கம் திருப்பினாள்.

முதலில் வண்டிச் சத்தம். பிறகு கதவு. பிறகு துளசிமணி.

“வர்றனுங்க.”

அவள் குரல் இவ்வளவு சாதாரணமாக இருந்தது எனக்கு மறந்துபோயிருந்தது. ரேஷன் கடைக்குக் கிளம்புகிறவள் குரல்.

அதன் பிறகு ஒன்றுமில்லை. ஆனால் பதிவு முடியவில்லை. ஓடிக்கொண்டிருந்தது. டிக். டிக். டிக். டிக்.

“அது என்னங்க சத்தம்?” என்றாள் கோகிலா.

எனக்குத் தெரிந்தது. அது என் விரல்.

அன்று நான் வாசற்படியில் நின்று, பின்னாலேயே மருத்துவமனைக்குப் போக எனக்கு இ-பாஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். நான் எந்திரமில்லை என்று நிரூபிக்கச் சொல்லி அது கேட்டது. ஒன்பது படம் காட்டி, சிக்னல் விளக்கு இருக்கும் கட்டங்களைத் தொடச் சொன்னது. எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. ஒவ்வொரு கட்டமாகத் தேடிக்கொண்டிருந்தேன். வர்றனுங்க என்றது காதில் விழுந்தது. நாலாவது கட்டத்தைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தேன். வண்டி திரும்பிவிட்டது.

பாஸ் கிடைத்தது. ஐந்து நாள் கழித்துச் செல்லுபடியாகும் என்றிருந்தது. அவளுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

பதிவின் கடைசியில் செயலியின் குரல் ஒன்று வந்தது. “மறுமொழிக்குக் காத்திருக்கிறது.”

“ஐயா,” என்றாள் கோகிலா. “மத்தவங்க பதிவெல்லாம் நான் கேட்டிருக்கறனுங்க. அவங்க வர்றனுங்கன்னு சொன்ன ஒடனே ஊட்ல இருந்து யாராச்சும் ‘போயிட்டு வா’ன்னு சொல்லியிருப்பாங்க. எல்லாத்துலயும் இருக்குது. உங்களுதுலதான்...”

அவள் முடிக்கவில்லை. நல்ல பெண்.

“அதான் நிக்கறா,” என்றார் மாராத்தாள் அக்கா. காலையில் பேசிய குரல் இல்லை. “சொல்லாம எப்படிக் கெளம்புவா? மூணு வருசமா ரோட்டுல நிக்க வச்சிருக்கறயே, பாவி.”

நான் மைக் அருகில் போய், “போயிட்டு வா,” என்றேன்.

‘மறுமொழிக்கான நேரம் முடிந்தது. அனுமதிக்கப்பட்ட நேரம்: நான்கு நொடி’ என்று திரையில் வந்தது.

மறுபடி சொன்னேன். மறுபடி வந்தது. மூன்றாவது முறை உரக்கச் சொன்னேன். அறவாழியின் கை உறைந்தபடியே கொஞ்சம் இறங்கியது போலிருந்தது. வேறு மாற்றமில்லை.

“ஒண்ணு,” என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

கோகிலா விதிமுறைகளைத் தேடினாள். நீளமாக இருந்தன. மடித்து வைத்திருந்ததைப் பிரித்துக்கொண்டே தாழ்வாரத்தில் போய்த் திரும்பினாள். பதினான்காம் விதியை என்னிடம் காட்டினாள். ‘காலம் கடந்த மறுமொழிகளை எழுத்து மூலம் தபாலில் அனுப்பலாம். செயலியில் ஏற்ற இயலாது.’

“தபாலா?” என்றேன்.

“வளரும் நாடுகளுக்கு மட்டும்னு போட்டிருக்குதுங்க.”

என் பையில் வெள்ளைத் தாள், உறை, தபால்தலை எப்போதும் இருக்கும். ஏழாம் வகுப்பில் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். அனுப்புநர் இடப்பக்கம். பெறுநர் அதன் கீழே. உறைமேல் முகவரிக்கு மட்டும் இரண்டு மதிப்பெண். நான் முழு மதிப்பெண் வாங்கியவன். அதை வைத்துத்தான் இத்தனை வருடம் சாப்பிட்டேன்.

மடியில் அட்டையை வைத்து எழுதினேன். ‘மேற்படி துளசிமணியாகிய தாங்கள், மேற்கண்ட நாளில், மேற்கண்ட வாசலில் தெரிவித்த சங்கதி தொடர்பாகக் கீழே கையொப்பமிட்டுள்ள சென்னியப்பனாகிய நான்.’

கோகிலா எட்டிப் பார்த்தாள். “ஐயா, உங்க ஊட்டம்மாவுக்கு வக்கீல் நோட்டீஸ் உடறீங்களா?”

தாளைக் கிழித்தேன். இன்னொன்று எடுத்தேன். இரண்டாவதில் பொருள் என்ற இடத்தைத் தாண்ட முடியவில்லை. அதையும் கிழித்தேன். ஊருக்கே எழுதியிருக்கிறேன். பட்டா மாற்ற, மின் இணைப்புக் கேட்க, மகனை மன்னித்துவிட. துளசிமணிக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. கூடவே இருந்தவள். எதற்கு எழுத?

நாலே காலுக்கு அண்ணன் முகம் வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எழுது,” என்றார்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். விரல்களை மறுபடி மடக்கினார். சென்னீ. என்ற. தம்பிக்கும். ஒண்ணு. எழுது.

“இந்த மனுசன் காலைலயே கடுதாசிக்குச் சொல்லியிருக்கறாரு,” என்றார். “நாந்தான் சக்கரை போட்டுட்டே இருந்திருக்கறேன்.”

“எழுதறேங்கண்ணா,” என்று அவர் காதைப் பார்த்துச் சொன்னேன். “இத முடிச்சுட்டு உங்களுதுதான்.”

சுவர்ப்பக்கம் போகும்போது அவர் கன்னம் அசைந்தது. சிரித்திருப்பார்.

மூன்றாவது தாளில் நிறுத்தாமல் எழுதினேன். அது இது:

அனுப்புநர்: சென்னியப்பன், மனு எழுதுபவர் (ஓரளவு இருப்பவர்).

பெறுநர்: திருமதி துளசிமணி சென்னியப்பன், நீலப் புள்ளி, பதினோரு நிமிடத் தொலைவு.

பொருள்: வர்றனுங்க என்றதற்குப் பதில்.

துளசி,

நீ சொன்னது காதுல விழுந்துச்சு. சிக்னல் தேடிட்டு இருந்தேன். நம்மூர்ல ஏது சிக்னல்? நிமிர்றதுக்குள்ள வண்டி திரும்பிருச்சு. வேற ஒண்ணுமில்ல. கோவிச்சுக்கிட்டயோன்னு நெனச்சிட்டு இருந்தேன். நீயும் அப்படித்தான் நெனச்சிருப்பே.

டீத்தூள் டப்பாவ மாத்தி வச்சிருந்தயே, அதக் கண்டுபுடிக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு. அரிசி டப்பாவுக்குப் பின்னால. இப்ப நானும் அங்கயேதான் வெக்கறேன்.

வெயில்ல நின்னது போதும்.

போயிட்டு வா.

இப்படிக்கு,
சென்னியப்பன்.

இரண்டாக மடித்து, மூன்றாக மடித்து, உறையில் வைத்தேன். உறையின் பசை வறண்டுபோயிருந்தது. கோகிலா ஒரு கிண்ணத்தில் மைதாப் பசை கொண்டு வந்தாள். மையத்தில் சுவரொட்டி ஒட்டக் காய்ச்சி வைத்தது. காலையிலேயே காய்ச்சியதாம். கெட்டுவிட்டதா என்று மோந்து பார்த்தாள். பழக்கம்தான். மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கட்டை விரலால் தொட்டு, மடிப்பில் தடவி, அழுத்தினேன். தபால்தலை ஒட்டினேன். முகவரியை இரண்டு முறை சரிபார்த்தேன்.

மணி நாலு நாற்பத்தொன்பது. தபால் பெட்டி கட்டடத்தின் வெளிவாசலில் இருந்தது. வாசல் அப்போது பதினோரு நிமிட நடை.

“நானும் வர்றனுங்க,” என்று கோகிலா போனை எடுத்துக்கொண்டாள்.

“போயிட்டு வாங்க,” என்றார் மாராத்தாள் அக்கா உடனே. ஒரு நொடி கூட விடவில்லை.

தாழ்வாரத்தில் நடந்தோம். முதல் குடிதண்ணீர்ப் பானை வந்தது. நிற்கவில்லை. சுவரில் மற்ற ஊர்களின் சதவீதங்கள் எரிந்துகொண்டிருந்தன. எல்லாம் நூறு.

“எவ்வளவு காட்டுது கண்ணு?”

“பதினொண்ணுதாங்க.”

இரண்டாவது பானை வந்தது. கோகிலா தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நடந்துகொண்டே குடித்தேன். கட்டடம் வளர்வது காலடியில் தெரிந்தது. ஓடும் பேருந்துக்குள் பின்பக்கம் நடப்பது போல இருந்தது.

“இப்ப?”

“பதினொண்ணு. ஐயா, அது அணைஞ்சு போச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?”

“ஒரு டம்ளர் டீ போடோணும். அளவு பழகோணும்.”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது படிவத்தில் இல்லாத வேலை.

வெளிவாசல் வந்தது. வெயில் சாய்ந்திருந்தது. தபால் பெட்டி வேலியை ஒட்டி நின்றது, சிவப்பாக. என் தோளுக்குக்கூட வரவில்லை. அதை மட்டும் வளரும் நாடுகளுக்கென்று செய்யவில்லை போலும்.

உறையைப் பெட்டியின் வாயில் பாதி நுழைத்தேன். மணி சரியாக ஐந்து.

விட்டேன்.

உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. முதல் கடிதத்தின் சத்தம்.

கோகிலா போனைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். வெயிலைக் கையால் மறைத்து மறுபடி பார்த்தாள்.

“ஐயா, பன்னெண்டுங்க.”

நான் தலையாட்டினேன்.

“பதிமூணுங்க. நடக்கறாங்க.”

“நடக்கட்டும்,” என்றேன்.

முகத்தைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனேன். கட்டை விரலில் பசை காய்ந்துகொண்டிருந்தது. லேசாகப் புளித்த வாடை அடித்தது.